வாசலிலேயே முடிவாகும் தோழமை

ஆகஸ்ட் மாதத்து அலபாமாவில் காலை பத்து மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வெயிலில், டஸ்கலூசா நகரத்திலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவிகள் கையில் குட்டி மின்விசிறியும் பையில் மாற்றுச் செருப்புமாக, வெள்ளைத் தூண்கள் வைத்த பெரிய வீடுகளின் முன்னால் வரிசைகட்டி நிற்கிறார்கள். கதவு திறந்ததும் உள்ளே நெருக்கியடித்து நிற்கும் பெண்கள் கைதட்டி, ஒரே குரலில் தங்கள் சங்கப் பாட்டை முழங்குகிறார்கள். அவர்களில் ஒருத்தி வந்து, வெளியே நிற்பவளின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகிறாள். இருபது முப்பது நிமிடம் பேச்சு. பிறகு மறுபடி வெயில், மறுபடி அடுத்த வீடு. கல்லூரிக் காலம் முழுவதும் யாரோடு உண்டு, உறங்கி, ஊர் சுற்றுவது என்பது ஒரு வாரத்தில் இப்படி முடிவாகிவிடுகிறது.

சொராரிட்டி என்ற இந்த மாணவியர் சங்கங்களுக்குப் பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளால் ஆன பெயர்கள் இருக்கும். 1902-ல் உருவான தேசியப் பேன்ஹெலனிக் மாநாடு 26 சங்கங்களின் கூட்டமைப்பாக நீண்ட காலம் இயங்கிவந்திருக்கிறது. புதியவர்களைச் சேர்க்கும் சடங்குக்குப் பழைய பெயர் ரஷ்; நிர்வாகத்தார் இன்று அதை ஆள்சேர்ப்பு என்கிறார்கள், மாணவிகள் இன்னமும் ரஷ் என்றுதான் சொல்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அலபாமா மாணவிகள் தங்கள் அன்றாட உடையலங்காரத்தை டிக்டாக்கில் காட்டப்போய், அதுவரை இதைக் கேள்விப்படாத உலகமே வேடிக்கை பார்த்தது. நெக்லஸ் எந்தக் கடை, செருப்பு எந்தக் கடை என்று ஒவ்வொருத்தியும் ஒப்பித்ததைக் கேட்டுச் சிரித்தவர்கள் ஏராளம்.

சிரிப்புக்கு முகாந்திரம் இல்லாமல் இல்லை. ஒரு வீடு பிடித்துப்போனதற்கும் இன்னொன்றை ஒதுக்கியதற்கும் மாணவிகள் சொல்லும் காரணங்கள் அந்தத் தரத்தில்தான் இருக்கும். அந்த வீட்டு முற்றத்தில் ஊஞ்சல் இருந்தது. இந்த வீட்டில் பேசியவளின் நாய்க்கும் என் நாய்க்கும் ஒரே பெயர். அங்கே கத்திய கத்தலில் காது அடைத்துவிட்டது. இங்கே எலுமிச்சைச் சாறு நன்றாக இருந்தது. மெழுகுவத்தி வாசனை பாட்டி வீட்டை நினைவுபடுத்தியது. சில ஆயிரம் டாலர் சந்தா கட்டி, விலகினால் ஓராண்டுக்கு அதே வளாகத்தில் வேறு சங்கத்தில் சேர முடியாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுச் சேரும் ஓர் இடத்தை இப்படியா தேர்ந்தெடுப்பது என்று கேட்கத் தோன்றும்.

இந்தக் கேள்வியை அந்தப் பெண்களிடம் கேட்பதில் நியாயமில்லை என்பது என் கட்சி. அவர்களுக்கு வேறு என்ன தகவல் கொடுத்தார்கள்? ரஷ் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே உறுப்பினர்கள் கூடி ஒத்திகை பார்த்துவிடுகிறார்கள். யார் யாரை வாசலில் எதிர்கொள்வது, எத்தனையாவது நிமிடத்தில் பேச்சை அடுத்தவளிடம் கைமாற்றுவது, எந்தப் பக்கமாக நகர்வது என்பதெல்லாம் நாட்டியம்போல வகுக்கப்பட்டிருக்கும். பேசக்கூடாத பொருள்களுக்கும் எழுதாத பட்டியல் ஒன்று உண்டு: பையன்கள், குடி, பைபிள், அரசியல், பணம். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கும் நடுவே பேசத்தக்க விஷயங்களில் இந்த ஐந்தையும் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும்? எந்த ஊர், என்ன பாடம், விடுமுறையில் எங்கே போனாய். எந்த வீட்டுக்குப் போனாலும் இதே மூன்று கேள்விகள். ஒவ்வொரு சங்கமும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டுகிறது. ஒவ்வொரு சங்கமும் தன்னுடைய அக்கா தங்கை பாசத்துக்கு ஈடில்லை என்கிறது. எல்லா வீடும் ஒரே பாடத்தை ஒப்பித்தால், கேட்பவளின் மனம் ஒப்பிப்பில் இல்லாததைத்தான் பிடித்துக்கொள்ளும். ஊஞ்சலும் நாயின் பெயரும் முன்னுக்கு வருவது அப்படித்தான். அற்பத்தனம் மாணவியின் தலையில் இருப்பதைவிட அந்த ஏற்பாட்டில்தான் அதிகம் இருக்கிறது.

சரி, முதல் பார்வைக்கு அறிவு என்று ஒன்று உண்டா? உண்டு என்பவர்கள் வழக்கமாகக் காட்டும் சாட்சி, இந்தியாவில் பிறந்த உளவியலாளர் நளினி அம்பாடி, ராபர்ட் ரோசென்தாலுடன் 1993-ல் வெளியிட்ட ஆய்வு. ஆசிரியர்கள் பாடம் நடத்தும் சில நொடிக் காட்சிகளை ஒலியே இல்லாமல் காட்டி, முன்பின் அறியாதவர்களிடம் மதிப்பிடச் சொன்னார்கள். அந்த மதிப்பீடு, பருவம் முழுக்க அதே ஆசிரியரிடம் படித்த மாணவர்கள் கடைசியில் தந்த மதிப்பெண்ணோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போனது. ஆனால் மாணவர்கள் தந்த மதிப்பெண்ணும் ஓர் அபிப்பிராயம்தானே. முதல் நொடியில் விழுந்த அபிப்பிராயம் நான்கு மாதமும் அப்படியே இருந்தது என்றும் இதே ஆய்வைப் படிக்கலாம். பிரின்ஸ்டனில் வில்லிஸும் டோடொரோவும் 2006-ல் வெளியிட்டது இன்னும் கூர்மையானது. ஒரு முகத்தை நொடியில் பத்திலொரு பங்கு நேரம் காட்டினாலே ஆள் நம்பத்தக்கவரா, திறமைசாலியா என்று மக்கள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது தீர்ப்பு அதிகம் மாறவில்லை, அதன்மேல் அவர்கள் வைத்த நம்பிக்கைதான் கூடியது. ரஷ் வாரத்தில் சுற்றுக்குச் சுற்று பேச்சு நேரம் நீள்வதைச் சங்கத்தார் பெரிய நற்குணமாகச் சொல்வார்கள். அந்த நீட்சியில் விளைவதில் பாதி, முதல் நாள் தோன்றியதே சரி என்ற திண்ணம்தான் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் சேர்ந்தவர்களில் பலர் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள் என்பதை மறைப்பது நேர்மையாகாது. அற்பக் காரணத்துக்குச் சேர்ந்தவளுக்கு அங்கேயே உயிர்த்தோழி வாய்க்கிறாள். கல்யாணத்தில் மணப்பெண் தோழிகளாக நிற்பவர்களில் பாதிப்பேர் அந்த வீட்டார். ஜெர்மனியில் ஓர் ஆய்வில், முதல் நாள் வகுப்புக்கு வந்த மாணவர்களைக் குலுக்கல் முறையில் இருக்கைகளில் உட்காரவைத்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு பார்த்தால், அன்று பக்கத்தில் உட்கார நேர்ந்தவர்களிடையே மற்றவர்களைவிட நட்பு வலுவாக இருந்தது. 2008-ல் வெளியான ஆய்வு அது. மனிதர்கள் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவரோடுதான் பழகிப்போகிறார்கள். அப்படியானால் ஊஞ்சலைப் பார்த்துச் சேர்ந்தால் என்ன, சீட்டு எடுத்துச் சேர்ந்தால் என்ன? தேர்ந்தெடுக்கும் மாணவியின் பக்கமிருந்து பார்த்தால் இந்த விளையாட்டுத்தனத்தால் பெரிய கெடுதல் இல்லை.

இதில் இன்னொரு நுட்பமும் வேலை செய்கிறது. 1959-ல் ஆரன்சனும் மில்ஸும் கல்லூரி மாணவிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர, சிலருக்கு மட்டும் கூச்சப்படவைக்கும் நுழைவுத் தேர்வு. மற்றவர்களுக்கு எளிதான தேர்வு, அல்லது தேர்வே இல்லை. பிறகு எல்லாரும் கேட்டது வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி தயாரித்த ஒரே உரையாடல். கூச்சப்பட்டு உள்ளே வந்தவர்களுக்குத்தான் அது அதிகம் சுவைத்தது. ஒரு வாரம் வெயிலில் நடந்து, கன்னம் வலிக்கச் சிரித்து, நாளுக்கு நாள் எந்தெந்த வீடு தன்னைக் கழித்துவிட்டது என்று பார்த்து அழுது, கடைசியில் ஒரு கதவு திறந்தால், அந்தக் கதவுக்குள் இருப்பது நல்லதாகத்தான் தெரியும். ‘பிட்’ எனப்படும் அழைப்பு உறையைப் பிரித்துவிட்டுப் புல்வெளியில் ஓடும் பெண்களின் கண்ணீர் நடிப்பல்ல. ஆனால் அது சரியான வீட்டைக் கண்டுபிடித்ததற்கான சான்றும் அல்ல.

பொருளியலாளர்களுக்கும் இது சுவையான களமாக இருந்திருக்கிறது. ஆண்கள் சங்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒன்றையொன்று முந்திக்கொள்ளும் வெறியில், மூத்த மாணவர்களைச் சேர்த்துவந்த நிலை மாறிப் புதியவர்களை வளைத்து, பிறகு கல்லூரி வாசலை மிதிக்காத பள்ளிப் பையன்களிடமே வாக்கு வாங்குமளவு போயின. இந்தக் கூத்து தங்களிடம் நடக்காமலிருக்கப் பெண்கள் சங்கங்கள் பொதுத் தேதி வைத்து, இரு தரப்பும் விருப்பப் பட்டியல் எழுதித்தந்து பொருத்தும் முறையைக் கொண்டுவந்தன. சூசன் மாங்கெலும் ஆல்வின் ராத்தும் 1991-ல் அந்த முறையை அலசினார்கள். ராத் பிறகு 2012-ல் நோபல் பரிசு பெற்றவர். எல்லாரும் மனத்தில் உள்ளபடி முழுப் பட்டியல் எழுதினால் இந்தப் பொருத்த முறை சில சமயம் முடிவே தராமல் நின்றுவிடக்கூடும் என்று காட்டினார்கள். நடைமுறையில் நிற்காததற்குக் காரணம், கணிசமான மாணவிகள் ஒரே ஒரு வீட்டின் பெயரை மட்டும் எழுதிக்கொடுத்ததுதான். கிடைத்தால் இது, இல்லையேல் ஒன்றும் வேண்டாம். கணக்குப்போட்டு எழுதியவர்களும் உண்டு, ஊஞ்சலில் மயங்கி எழுதியவர்களும் இருந்திருப்பார்கள். எதுவானாலும் ஏற்பாட்டின் ஓட்டையை அடைத்தது அந்தப் பிடிவாதம். இன்றைய நடைமுறையில், எத்தனை பேரை ஒரு வீடு மறுசுற்றுக்கு அழைக்கலாம் என்பதை முந்தைய ஆண்டுகளின் கணக்கை வைத்து நிர்ணயிக்கிறார்கள். வந்த அழைப்புகளை ஏற்றுக் கடைசிச் சுற்றுவரை வந்து, பட்டியலை முழுக்க எழுதுகிற பெண்ணுக்கு ஏதாவது ஒரு வீட்டில் இடம் கிடைக்க வாய்ப்பு மிக அதிகம். பொருத்தும் இயந்திரம் என்ற அளவில் இது மெச்சத்தக்க வேலைப்பாடு.

ஆனால் இயந்திரத்துக்குள் போடும் சரக்கு? இங்கேதான் வீட்டுக்குள் இருப்பவர்களின் முதல் பார்வைக்கு வரவேண்டும். வெளியே நிற்பவளுக்கு விளையாட்டாக இருக்கும் அதே பார்வை, உள்ளே இருப்பவர்களின் கையில் அதிகாரமாகிவிடுகிறது. மாணவி வீட்டை நிராகரித்தால் வீட்டுக்கு ஒன்றும் குறைவதில்லை, வேறொருத்தி வருவாள். வீடு மாணவியை நிராகரித்தால் காரணமும் சொல்லமாட்டார்கள், கேட்கவும் வழியில்லை. ‘நமக்குச் சரிப்பட்டு வரமாட்டாள்’ என்ற ஒற்றை வாக்கியம் போதும். அந்த வாக்கியத்துக்குள் என்ன வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம்.

இந்தியானா மாநிலத்தின் கிரீன்காசில் ஊரில் டிப்போ பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆண்கள் மட்டுமே படித்துவந்த அந்தக் கல்லூரியில் பெண்களுக்கு இடம் கிடைத்த சில ஆண்டுகளிலேயே, 1870-ல், கப்பா ஆல்ஃபா தீட்டா என்ற சங்கம் அங்கே பிறந்தது. தங்களை வேண்டாத விருந்தாளிகளாகப் பார்த்த ஆண்களுக்கு நடுவே நான்கு மாணவிகள் ஒருவருக்கொருவர் துணையாக நின்ற முயற்சி அது. அதே வளாகத்தில் 2006 டிசம்பரில் டெல்டா ஜீட்டா என்ற வேறொரு சங்கத்தின் தேசியத் தலைமை, உள்ளூர் வீட்டிலிருந்த 35 பேரில் 23 பேரைத் தீவிர உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கி வெளியேறச் சொன்னது. ஆள்சேர்ப்பில் அவர்களுக்கு ஈடுபாடு போதவில்லை என்பது தலைமை சொன்ன காரணம். வெளியேறச் சொன்னவர்களில் உடல் பருத்த பெண்கள் எல்லாரும் அடக்கம்; அந்த வீட்டில் இருந்த ஒரே கறுப்பினப் பெண், ஒரே கொரியப் பெண், ஒரே வியட்நாமியப் பெண்ணும் அடக்கம் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. தோற்றம் காரணமல்ல என்று தலைமை மறுத்தது. தங்கச் சொன்ன 12 பேரில் ஆறு பேர் தாமாகவே விலகினார்கள். 2007 மார்ச்சில் பல்கலைக்கழகம் அந்தச் சங்கத்தோடு உறவை முறித்துக்கொண்டது. அந்தப் பெண்கள் ஒரே வீட்டில் வாழ்ந்து பழகியவர்கள். வருகிற புதியவர்களின் முதல் பார்வைக்கு வீடு எப்படித் தெரியும் என்ற கவலை, வாழ்ந்த பழக்கத்தையே தூக்கியெறியும் அளவுக்குப் போய்விட்டது என்பதுதான் வெளியேற்றப்பட்டவர்கள் வைத்த குற்றச்சாட்டின் சாரம்.

அலபாமாவுக்கு வருவோம். 1963 ஜூனில் கறுப்பின மாணவர்கள் நுழைவதைத் தடுக்க ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலில் நின்ற அதே பல்கலைக்கழகம். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதன் பழைய வெள்ளையர் சங்கங்கள் ஏறக்குறைய முழுக்க வெள்ளையாகவே இருந்தன. 2013 செப்டம்பரில் மாணவர் இதழான கிரிம்சன் ஒயிட் கதவைத் திறந்து காட்டியது. நல்ல மதிப்பெண்ணும் குடும்பப் பின்னணியும் உள்ள கறுப்பின மாணவியைச் சேர்க்க உள்ளிருந்த மாணவிகள் சிலர் விரும்பியும், பழைய உறுப்பினர்கள் தலையிட்டுத் தடுத்தார்கள் என்று அது எழுதியது. பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் சேர்க்கையை மறுபடி திறக்க உத்தரவிட்டார். சில வாரங்களுக்குள் கறுப்பின மாணவிகள் சிலருக்கு அழைப்பு போனது. இருபது வயதுப் பெண்களின் அற்ப ரசனையை நாம் கேலி செய்துகொண்டிருக்க, நிதானமாக யோசித்துக் கதவைச் சாத்தியது அவர்களின் தாய் வயதுக்காரர்கள்.

இனத்தைவிட மெல்லிய சல்லடை வர்க்கம். எலிசபெத் ஆம்ஸ்ட்ராங்கும் லாரா ஹாமில்டனும், நடுமேற்குப் பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றின் விடுதித் தளத்தில் தங்கிய மாணவிகளை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்து 2013-ல் புத்தகமாக்கினார்கள். பார்த்தவுடன் ‘அழகாக இருக்கிறாள், நம்மவள்’ என்று தோன்றவைக்கும் உடையும் முடியும் பேச்சும் பணத்தாலும் வளர்ப்பாலும் வருபவை என்பது அதில் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. தாயோ அக்காவோ உறுப்பினராக இருந்தவளுக்கு முன்னுரிமை தரும் வழக்கத்தைப் பல சங்கங்கள் 2020-க்குப் பிறகு கைவிட்டது நல்ல காரியம். ஆனால் எந்த உடையை எந்தச் சுற்றுக்கு அணிவது என்று மகளுக்குச் சொல்லித்தரும் தாயை விதியால் நீக்க முடியாது.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. 1908-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா போன்ற கறுப்பினப் பெண்கள் சங்கங்கள் இந்த ஊர்வலத்தில் கலந்துகொள்வதில்லை. படிப்பும் சேவையும் காட்டிய பிறகு, பெரும்பாலும் முதலாண்டு கடந்தே சேர்ப்பார்கள். தெற்காசியப் பெண்களுக்கென 1998-ல் ஆஸ்டினில் பிறந்த கப்பா ஃபை காமா போன்ற சிறு சங்கங்களில், அமெரிக்காவில் வளர்ந்த நம் வீட்டுப் பெண்களையும் காணலாம்; ஆள் குறைவென்பதால் வரிசையும் கூச்சலும் தேவைப்படுவதில்லை. அங்கெல்லாம் வேறு குறைகள் உண்டு. இருபது நிமிடத் தீர்ப்பு அவற்றில் ஒன்றல்ல.

பெரிய சங்கங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மருந்து காலதாமதம். வாண்டர்பில்ட் போன்ற இடங்களில் முதல் பருவம் முடிந்து ஜனவரியில்தான் ரஷ். நாலு மாதம் வகுப்பிலும் உணவுக்கூடத்திலும் பார்த்துப் பழகியவர்களிடம் நாயின் பெயரை வைத்துத் தீர்ப்பெழுதத் தேவை குறையும் என்ற அளவில் எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் சங்கத்தார் அந்த நாலு மாதத்தையும் விதிகளால் நிரப்புகிறார்கள். உறுப்பினர்கள் புதியவர்களுக்குப் பரிசு தரக்கூடாது, வாக்குறுதி தரக்கூடாது, சில இடங்களில் தனியே பழகவே கூடாது. பழகட்டும் என்று கொடுத்த அவகாசத்தில் பழகத் தடை. டியூக் பல்கலைக்கழகம் சேர்க்கையை இரண்டாமாண்டுக்குத் தள்ளியபோது ஆண்கள் சங்கங்கள் பல 2021-ல் பல்கலைக்கழகத்தை உதறிவிட்டுத் தனியமைப்பு வைத்துக்கொண்டன. முதலாண்டுப் பையன்களை உடனே பிடித்தாகவேண்டும் என்ற அவசரம் நூறாண்டு கழித்தும் அப்படியே இருக்கிறது. ஒருவரையொருவர் தெரிந்துகொண்டு சேர்வதில் சங்கங்களுக்கு உண்மையில் அக்கறை இருக்குமானால், முதலில் எடுக்கவேண்டியது அந்த ஐந்து பொருள் தடையை. பணத்தைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் பத்து நிமிடம் வெளிப்படையாகப் பேசினால் பாதிப்பேர் தாமாகவே வேறு வீடு தேடிப் போவார்கள். சங்கங்கள் அஞ்சுவதும் அதற்குத்தான்.