முட்டை விலையும் இராணுவ இரகசியமா?

பொதுப் பணத்தை அள்ளிச் செலவிடும் கைகள் சில. அந்தப் பணத்தைத் தந்த மக்களோ பல கோடி. கணக்கைக் காட்டு என்று கேட்டால், காலம் சரியில்லை, கலகம் செய்யாதே என்பர் கருவூலம் காப்போர். உக்ரைன் நாட்டில் நடந்ததை நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

2014-இல் மக்கள் கிளர்ச்சி வென்றபின், அரசுக் கொள்முதலை அனைவரும் காண ‘புரோசோரோ’ எனும் மின்னணு ஏற்பாடு அங்கே உருவாயிற்று. 2016 ஆகஸ்டு முதல் பெருந்தொகைக் கொள்முதல்களுக்கு அது கட்டாயமாயிற்று. ஏலம் முடிந்ததும், யார் என்ன விலை கேட்டார், ஒப்பந்தம் யாருக்குப் போயிற்று என்பதை எவரும் பார்க்கலாம். பாராட்டுகிறோம், மனமார!

2022-இல் இரஷ்யா படையெடுத்தது. பாதுகாப்புக் கொள்முதலின்மீது திரை விழுந்தது. போரென்றால் இரகசியம் வேண்டாமா? வேண்டும். படை நிற்கும் இடத்தை மறைப்பது மதி. போர்வீரன் உண்ணும் முட்டையின் விலையை மறைப்பது எந்தப் பகைவனை ஏய்க்க?

2023 ஜனவரியில் ஒரு பத்திரிகையாளர் திரையை விலக்கினார். கடையில் ஏறத்தாழ 7 ஹிரிவ்னியாவுக்கு விற்ற முட்டைக்கு, அமைச்சகத்தின் ஒப்பந்தத்திலே 17! தொழில்நுட்பப் பிழை என்றது அமைச்சகம். ஏற்பார் இல்லை. துணை அமைச்சர் பதவி துறந்தார். அடுத்த மாதமே, படைக்கு வாங்கும் உணவு போன்ற பொருள்களின் விலையை வெளியிடச் சட்டம் இயற்றிற்று நாடாளுமன்றம். விலை வெளிவந்ததால் படை வலுவிழக்கவில்லை; கொள்ளைக்குத்தான் வழி குறுகிற்று.

ஆனால், பட்டியலை வெளியிட்டதோடு பணி முடிந்ததென்று மகிழ்வோரை நாம் மறுக்கிறோம். எண்கள் தாமாகப் பேசா. போட்டியாளர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி விலை குறித்தால், திறந்த ஏலமும் தூயதாகவே தோன்றும். ஒருவருக்கே பொருந்தும்படி நிபந்தனை எழுதினால், பட்டியலில் பழுது தெரியாது. சந்தை விலையோடு ஒப்பிட்டு, ‘ஏன்?’ என்று கேட்பவன் வேண்டும். கேட்டபின் விசாரிக்கும் அதிகாரி வேண்டும். குற்றம் மெய்யானால் தண்டிக்கும் சட்டமும் வேண்டும். இம்மூன்றும் இல்லாத இடத்தில், வெளிப்படை என்பது வெறும் விளம்பரம்.

ஏடு திறந்திருக்கிறது. அதைப் புரட்டாதிருந்துவிட்டு, பொருள் போயிற்றே என்று பிறகு புலம்புவதால் பயன் என்ன?