பதிமூன்று தலைப்புகளும் ஒரு பெண்ணும்

‘டிக்னிதாஸ் இன்ஃபினித்தா’, அதாவது ‘எல்லையற்ற மாண்பு’, 2024 ஏப்ரல் 8ஆம் தேதி வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை வெளியிட்ட ஆவணம். தயாரித்து முடிக்க ஐந்து வருஷம் பிடித்தது. வெளியான வாரத்தில் பாலின மாற்றம், வாடகைத்தாய் பற்றி அது சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு உலகம் முழுக்கச் சண்டை போட்டார்கள். எனக்கு அதன் கருத்துகளைவிட அதன் அமைப்பைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. தெம்பனிஸில் உட்கார்ந்து படிக்கும்போது அந்த அமைப்பில்தான் ஓட்டை தெரிகிறது.

முதல் மூன்று பகுதிகள் மனித மாண்பு என்றால் என்ன என்ற விளக்கம். நான்காவது பகுதி, அந்த மாண்பு மீறப்படும் பதிமூன்று இடங்கள். முதலில் வறுமை. அப்புறம் போர், புலம்பெயர்ந்தோர், ஆள்கடத்தல், பாலியல் வன்கொடுமை, பெண்களுக்கெதிரான வன்முறை. கருக்கலைப்பு ஏழாவதாகத்தான் வருகிறது. இந்த வரிசை தற்செயலானதாகத் தெரியவில்லை. கருவிலிருக்கும் உயிரை உறுதியாகக் காக்க வேண்டும், ஆனால் ஏற்கெனவே பிறந்துவிட்ட ஏழையின் உயிரும் அதே அளவு புனிதமானது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் ‘கௌதேத்தே எத் எக்சுல்தாத்தே’யில் எழுதியதன் தொடர்ச்சி இது. கருக்கலைப்பு ஒன்றை மட்டும் தூக்கிப் பிடித்துவிட்டு மற்றதையெல்லாம் அரசியல் என்று ஒதுக்குகிறவர்களுக்கு இந்த வரிசையே பதில். அந்த அளவில் ஆவணத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் பட்டியல் என்ற வடிவத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி அறை கொடுக்கும், அறைக்கு அறை கதவு வைக்காது. புலம்பெயர்ந்தவர் ஒரு அறையில், கருவுற்ற பெண் இன்னொரு அறையில். ரெண்டும் ஒருத்தியாகவே இருந்தால் அவள் எங்கே நிற்பாள்?

சிங்கப்பூரில் இது கற்பனைக் கேள்வி இல்லை. இங்கே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, அதில் கர்ப்பப் பரிசோதனையும் அடக்கம். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் இங்கே கருவுறக்கூடாது, பிள்ளை பெறக்கூடாது என்பது விதி. மனிதவள அமைச்சின் ஒப்புதலோடு சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணந்தவர்களுக்குத்தான் விலக்கு. மற்றவர்கள் பிடிபட்டால் வேலை போய்விடும், ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். முன்பு முதலாளியின் 5,000 வெள்ளிப் பிணைத்தொகையும் போகும் அபாயம் இருந்தது. 2010 முதல் அந்தப் பிடி தளர்ந்தது. பெண்ணின் நிலை மாறவில்லை.

இதோடு இன்னொரு சட்டத்தையும் சேர்த்துப் படிக்கணும். 1969இல் நிறைவேறி, 1974இல் மேலும் தளர்த்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 24 வாரம் வரை கருவைக் கலைக்கலாம். வேலை அனுமதி வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். ஆக, கருவைக் கலைத்தால் சட்டம் அவளைத் தொடாது, வைத்துக்கொண்டால் வேலை இல்லை. இங்கே வருவதற்குப் பட்ட கடனுக்கே பல மாதச் சம்பளத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருத்தி இந்தக் கணக்கை எப்படிப் போடுவாள்? யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்கிறோம்.

கட்டாயக் கருக்கலைப்பு பற்றி ஆவணம் பேசவே இல்லையா என்றால், பேசுகிறது. பெண்களுக்கெதிரான வன்முறைப் பகுதியில் அது வருகிறது. ஆனால் காரணமாக அங்கே சுட்டப்படுவது ஆண்களின் சுயநலம். ஒரு காதலன், ஒரு கணவன் இவர்களை அதனால் பார்க்க முடிகிறது. ஒரு அட்டையின் நிபந்தனை அதே வேலையைச் செய்வதைப் பார்க்க முடியவில்லை. 1995இல் இரண்டாம் ஜான் பால் எழுதிய ‘எவாஞ்சலியும் வீட்டே’ இதில் கூர்மையானது. கருக்கலைப்பின் பொறுப்பைத் தாயோடு நிறுத்தாமல் தந்தை, குடும்பம், சட்டம் இயற்றியவர்கள், குடும்பங்களுக்குத் துணையாகும் கொள்கைகளை வகுக்கத் தவறியவர்கள் வரை அது நீட்டியது. 29 வருஷம் கழித்து வந்த ஆவணம் அந்த நீட்சியைச் சுருக்கிக்கொண்டது பெரிய இழப்பு.

ஆவணம் தவறவிட்டதைப் படைப்பு பிடித்துவிடும். ஆண்டனி சென்னின் ‘இலோ இலோ’ (2013, கான் விழாவில் தங்கக் கேமரா விருது) 1997 நிதி நெருக்கடிக் காலத்து வீவக வீடு ஒன்றில் நடக்கிறது. வீட்டுக்காரம்மா கர்ப்பிணி. வேலைக்கு வந்த தெரேசா தன் கைக்குழந்தையைப் பிலிப்பீன்ஸில் விட்டுவிட்டு வந்தவள். ஒரே வீட்டில் ரெண்டு தாய்மை. ஒன்றுக்கு இடம் உண்டு, இன்னொன்றுக்குத் தொலைபேசிதான். படம் எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை. ஆனால் அந்த இருவரையும் அது ஒரே சமையலறையில் நிற்க வைக்கிறது. பதிமூன்று தலைப்புகள் செய்யாத காரியம் அது.

இங்குள்ள திருச்சபைக்கு இந்தச் சந்திப்பில் நிற்பது ஏன் கஷ்டம் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. கருவிலிருக்கும் குழந்தைக்காகப் பேசினால் சிங்கப்பூரில் யாருக்கும் கோபம் வராது. பிள்ளை பெறச் சொல்லி அரசாங்கமே ஊக்கத்தொகை தரும் நாடு. தொழிலாளிக்காகப் பேசுவது அப்படியல்ல. 1987 மே 21ஆம் தேதி, ‘மார்க்சியச் சதி’ என்ற குற்றச்சாட்டில் 16 பேர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். மறைமாவட்டத்தின் நீதி, அமைதி ஆணையத்தில் பணியாற்றிய வின்சென்ட் செங் அவர்களில் ஒருவர். மூன்று வருஷம் உள்ளே இருந்தார். பணிப்பெண்களுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் உதவிய கேலாங் கத்தோலிக்க நிலையம் மூடப்பட்டது. நான்கு குருக்கள் தம் பொறுப்புகளிலிருந்து விலகினார்கள். ஒரு பேச்சு இலவசம், இன்னொன்றுக்கு விலை உண்டு என்பதை ஒரு தலைமுறையே அப்போது கற்றுக்கொண்டது.

சின்ன நாடு, விதிகள் இல்லாமல் முடியாது என்பார்கள். ஒத்துக்கொள்ளலாம். கருவுற்றவுடன் பணிநீக்கம் என்பதைத் தவிர வேறு விதியே சாத்தியமில்லையா என்பதுதான் கேள்வி. பிரசவம் வரை ஊருக்குப் போய்விட்டு அதே வேலைக்குத் திரும்ப ஒரு வழி வைத்தால் தீவு மூழ்கிவிடாது. கேட்கத்தான் ஆள் வேண்டும். 2024 செப்டம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், அரசாங்கத்தாரின் முன்னாலேயே, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு நியாயமான சம்பளம் வேண்டும் என்று பிரான்சிஸ் சொன்னார். அன்று மாலை தேசிய விளையாட்டரங்கத் திருப்பலியில் அத்தனை ஆயிரம் பேர் கூடினோம். சம்பளம் பற்றிச் சொன்னதையே பிறகு நாம் அதிகம் பேசவில்லை. அதைத் தாண்டிக் கருப்பை வரை எங்கே போவது?

தெம்பனிஸ் ஸ்ட்ரீட் 11 மூவொரு கடவுள் ஆலயத்துக்கும், பூகிஸ் பக்கம் தமிழர்கள் கூடும் லூர்து மாதா ஆலயத்துக்கும் இந்த ஆவணம் ஒன்றுதான். பங்குகளில் வாசிப்புக் குழு வைத்துப் படிக்கிறவர்கள் மூன்றாவது தலைப்பையும் ஏழாவது தலைப்பையும் ஒரே வாரத்தில் எடுத்துக்கொள்ளட்டும். வேலை அனுமதியின் நிபந்தனைகளையும் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். முதலாளிகளும் பணிப்பெண்களும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து அதைப் படித்தால், ஐந்து வருஷம் எடுத்து எழுதியவர்கள் விட்டுப்போனதை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.