எல்லாவற்றுக்கும் ஒரே கேபிளா?

புது வீட்டில் கேமரா, நடமாட்ட சென்சார், தொட்டி நீர்மட்டம், கதவுப் பூட்டு என எல்லாவற்றுக்கும் கேட் 6 நெட்வொர்க் கேபிளையே இழுத்து, எல்லா முனைகளையும் ஒரே பெட்டியில் கொண்டுவந்து சேர்ப்பது இப்போது வழக்கமாகிவருகிறது. இது பாதி சரியான வழக்கம். தவறான பாதி பூச்சு வேலை முடிந்த பிறகுதான் தெரியவரும்.

இந்தக் கேபிளின் வலு சாதாரணமானதல்ல. எட்டுச் செப்புக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. அந்த முறுக்கே வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைப் பெருமளவு அடக்கிவிடும். கதவு திறந்திருக்கிறதா என்று சொல்லும் காந்த சென்சாருக்கு ஓர் இணை போதும், மீதி மூன்றும் நாளைய தேவைக்கு. பி.ஓ.ஈ. முறையில் டேட்டாவோடு மின்சாரமும் அதே கேபிளில் போகிறது. 2003-இல் 15.4 வாட்டில் தொடங்கிய அந்தத் தரம் 2018-இல் 90 வாட் வரை உயர்ந்தது. வயர்லெஸ் இருக்க இதெல்லாம் எதற்கு என்பார்கள். பேட்டரி மாற்ற ஏணி தேட வேண்டாம், கான்கிரீட் சுவர் சிக்னலை விழுங்காது. எனக்கு இந்த இரண்டு காரணங்களே போதும்.

சிக்கல் மின்னழுத்தத்தில் தொடங்குகிறது. பி.ஓ.ஈ. சுமார் 48 வோல்ட்டில் ஓடுவதால் தூரத்தைத் தாங்குகிறது. அதை நம்பி 12 வோல்ட் பூட்டையும் அதே கம்பியில் மாட்டினால் கணக்கு மாறிவிடும். கேட் 6-இன் ஒரு கம்பி ஏறத்தாழ 0.57 மி.மீ. தடிமன்தான். 30 மீட்டர் போய்த் திரும்பும்போது மின்தடை சுமார் 4 ஓம்; அரை ஆம்பியர் இழுக்கும் பூட்டுக்கு 2 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். பூட்டு ஒரு நாள் திறக்கும், ஒரு நாள் அடம்பிடிக்கும், பழி பூட்டின் மேல் விழும். பூட்டுக்கும் திரைச்சீலை மோட்டாருக்கும் தடித்த கம்பியைத் தனியாக இழுப்பதே சரி. செம்பு பூசிய அலுமினியக் கேபிள் இதைவிட மோசம்; அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் 60 சதவீதம் அளவே. வாங்கும் முன் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அந்தச் சுருள் வேண்டாம்.

அடுத்தது இணைப்பின் வடிவம். மின்மீட்டர், ஏ.சி. கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவும் பேசும் ஆர்.எஸ்.-485 முறைக்கு ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் சங்கிலி வேண்டும்; இரு கோடியிலும் 120 ஓம் மின்தடை வேண்டும். நாம் போடுவதோ எல்லாம் ஒரே பெட்டியில் சேரும் நட்சத்திர வடிவம். சிறிய வீட்டில், குறைந்த வேகத்தில் அது பெரும்பாலும் ஓடிவிடும். பல மாடிக் கட்டடத்தில் அந்தத் துணிச்சல் கூடாது. ஆனால் இதற்குத் தீர்வு அதே கேபிளுக்குள் இருக்கிறது. ஓர் இணையில் சிக்னலைக் கருவிக்கு அனுப்பி, இன்னோர் இணையில் பெட்டிக்குத் திருப்பிக் கொண்டுவந்து அடுத்த கருவிக்குத் தொடுக்கலாம். நீளம் இரட்டிப்பாகும், பரவாயில்லை: ஆர்.எஸ்.-485 குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை தாங்கும். கேட் 6-ஐ நான் ஆதரிப்பதற்கு இந்த நெகிழ்வு முக்கியக் காரணம். கட்டடக் கருவிகளைக் கட்டுப்படுத்துவதற்கென்றே வந்த கே.என்.எக்ஸ். முறையின் கேபிளில் கிளைகளை விருப்பம்போல் பிரிக்கலாம், வளையம் மட்டும் ஆகாது. ஆனால் அதற்கேற்ற கருவிகளின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது.

மொட்டை மாடித் தொட்டிக்குப் போகும் கேபிளுக்கு இடிமின்னலை நினைத்து சர்ஜ் பாதுகாப்பு வைக்க வேண்டும். பைப் மிச்சம் பிடிக்க 230 வோல்ட் வயரையும் இந்தக் கேபிளையும் ஒரே பைப்பில் திணிக்கும் வேலை நம் ஊரில் நிறைய நடக்கிறது. அதை மட்டும் எந்த விலைக்கும் அனுமதிக்காதீர்கள். இன்சுலேஷன் ஓரிடத்தில் உரிந்தாலும் சென்சாரைத் தொடும் கைக்கு உயிராபத்து.