சித்திரக்கதைப் படைப்பாளரும் புரக்கும் வாசகரும்

ஈராண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் பாடாண்திணைப் பாடல்களை நடத்திக்கொண்டிருந்தோம். பரிசில் கடாநிலை, பரிசில் விடை என்னும் துறைகளை விளக்கி முடித்த வேளையில் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அமெரிக்கர் ஒருவர் வரைந்துவரும் சித்திரக்கதையை ஆறு ஆண்டுகளாக இணையத்தில் காசு கொடாமலே படித்து வருகிறேன். அவருக்கு நான் ஏதேனும் கொடுத்தல் வேண்டுமா? கொடுத்தால் நான் புரவலனா, நூல் வாங்குவோன் மட்டுமா?" என்று வினவினார். வகுப்பு நகைத்தது. நமக்கு நகையும் தோன்றவில்லை, விடையும் தோன்றவில்லை. பின்னர் அம்மாணவர் குறித்த கதையையும், அதனோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்க வேறொரு கதையையும் தேடிப் படித்தோம். அவ்வினாவிற்கு நாம் கண்ட விடையே இக்கட்டுரை.

அமெரிக்க நாட்டில் சித்திரக்கதை வளர்ந்த முறையை முதலில் அறிதல் வேண்டும். 1938-ஆம் ஆண்டில் 'சூப்பர்மேன்' என்னும் பாத்திரத்தைப் படைத்த செரி சீகலும் சோ சூஸ்டரும் அதன் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தனர். வரைவோன் கூலி பெறுவான். கதையும் பாத்திரமும் பதிப்பகத்திற்கு உரியனவாகும். நெடுங்காலம் அந்நாட்டில் நிலவிய வழக்கு இதுவே. இதனின்று விலகி, உரிமையைத் தன்பாலே வைத்துக்கொண்டு எழுதி, வரைந்து, வெளியிடுவோனையே ஈண்டுத் தனிநின்ற படைப்பாளன் என்கின்றோம். உரிமை அவனுடையதாகும்பொழுது அச்சுக்கூலி, கிடங்கு, அஞ்சற்செலவு ஆகிய சுமைகளும் அவனுடையனவாகின்றன. பதிப்பகத்தான் இல்லாத இடத்தில் எஞ்சி நிற்போன் வாசகனே. அவ்வாசகனது பொருள் எப்பொழுது வருகின்றது, யார் கைவழி வருகின்றது, எக்கைம்மாறு கருதி வருகின்றது என்பவற்றைப் பொறுத்து நூலின் வடிவமே வேறுபடுகின்றது என்பது நம் கருத்து.

1973-ஆம் ஆண்டில் ஃபில் சூலிங் என்பார் புதியதொரு விற்பனை முறையைப் புகுத்தினார். அதற்குமுன் செய்தித்தாட் கடைகளில் விற்காத படிகள் பதிப்பகத்திற்குத் திரும்பி வந்தன. சூலிங் வகுத்த முறையிலோ சித்திரக்கதைக்கெனவே அமைந்த கடைகள் வேண்டிய படிகளை முன்னரே கேட்டுப் பெறும். விற்காதவற்றைத் திருப்புதல் இல்லை. அச்சேறும் முன்பே எத்துணைப் படிகள் வேண்டும் என்பது தெரிந்துவிடுதலால் கைப்பொருள் குறைந்த தனியொருவனும் துணிந்து அச்சிடல் கூடியதாயிற்று. இம்முறையினுள் ஒரு நுட்பம் உண்டு. கடையில் அடுக்கி வைத்த படியை ஒருவன் எடுத்து வாங்குங்கால் அப்படிக்குரிய பொருள் படைப்பாளனை முன்னரே அடைந்துவிட்டது. அவன் கொடுக்கும் காசு கடைக்காரனது முதலை மீட்கின்றது. இரண்டு திங்களுக்கு முன்னரே கடைக்காரனிடம், 'இந்நூல் வரும். எனக்கொன்று வேண்டும்' என்று சொல்லி வைப்பவனே அச்சிடும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகின்றான். ஒரே நூலுக்கு ஒரே விலையைக் கொடுக்கும் இருவருள் முன்சொன்னவன் செய்த உதவியே பெரிது. எனினும் அட்டையில் அச்சிட்ட விலையில் ஏறத்தாழ 60 விழுக்காடு வினியோகிப்போனுக்கும் கடைக்கும் கழிய, எஞ்சுவதிலேயே அச்சுக்கூலியும் அடங்குதல் வேண்டும்.

இம்முறை ஒரு கையையே நம்பியிருந்தமையின் கேட்டினை அண்மையில் உலகம் கண்டது. நெடுங்காலம் அந்நாட்டுக் கடைகளுக்கெல்லாம் நூல்களைக் கொண்டுசேர்த்த 'டயமண்ட்' நிறுவனம் 2025-ஆம் ஆண்டு சனவரியில் கடன்தீர்க்க இயலா நிலையை நீதிமன்றத்தில் அறிவித்தது. விற்ற பின்னர்ப் பணம் தருவது என்னும் பேச்சில் சிறு பதிப்பாளர் அதன் கிடங்கில் ஒப்படைத்திருந்த நூல்களையும் விற்றுக் கடன் தீர்க்க முயன்றமையால் வழக்கு எழுந்தது. தம் நூல் தமதன்று என்னும் நிலை, உரிமையை விடாது காத்தோர்க்கும் வேறொரு வாயில்வழி வந்துற்றது.

கடையைக் கடந்து வாசகரை நேரே அணுகியோருள் முன்னோடி எனத்தக்கவர் கனடா நாட்டு டேவ் சிம். அவர் 1977-ஆம் ஆண்டு திசம்பரில் தொடங்கிய 'செரிபஸ்' 2004-ஆம் ஆண்டு மார்ச்சில் 300-ஆம் இதழோடு முடிந்தது. முந்நூறு இதழ் என்று முன்கூட்டியே அறிவித்து, அவ்வெல்லையை எய்தியவர் அவர். 65-ஆம் இதழ்முதல் பின்னணி ஓவியங்களை கெர்ஹார்ட் என்பார் வரைந்தார். 26 முதல் 50 வரையுள்ள இதழ்களை 'ஹை சொசைட்டி' என்னும் பெயரில் ஒரே பெருந்தொகுதியாக்கி, 1986-ஆம் ஆண்டில் அஞ்சல்வழி வாசகர்க்கு நேரே விற்றார். இடைநின்றோர்க்குக் கழியும் பங்கு கழியாமையால் அவ்விற்பனை அவர்க்குப் பெரும்பயன் விளைத்தது. வினியோகிப்போர்க்குச் சினமும் விளைத்தது. ஈராண்டுகளின்பின் சிம் வெளியிட்ட பிறிதொருவர் நூலை விலக்குவதாக அவருள் ஒரு நிறுவனம் அச்சுறுத்தவே, படைப்பாளர் சிலர் கூடித் தம் உரிமைகளைப் பட்டியலிட்டு வரையறுத்தனர் என்பது 1988-ஆம் ஆண்டுச் செய்தி.

இவ்விற்பனை முறை நூலின் யாப்பினைத் தொட்டது என்பதே இலக்கிய மாணவர் நோக்கத்தக்கது. திங்கள்தோறும் இருபது பக்கம் விற்போன் இருபதாம் பக்கத்தில் ஓர் இறுக்கத்தை வைத்து அடுத்த இதழுக்கு வாசகனை இழுத்தல் வேண்டும். தொகுதியை விற்கத் தலைப்பட்ட பின்னர்ச் சிம் அதனைப் பொருட்படுத்துதல் குறைந்தது. 'செரிபஸ்' கதையின் நடுப்பகுதியில் ஓர் இதழ் முழுதும் ஒரே அறையில், பேச்சொன்றின் நடுவே நின்றுவிடுதலையும் காண்கின்றோம். தனியிதழாகப் படித்தோர்க்கு அது சலிப்பினை ஊட்டியிருத்தல் கூடும். தொகுதியாகப் படிக்கும் நமக்கு அந்நிதானமே அழகாகின்றது. பிற்பகுதி வேறு செய்தி. 1994-ஆம் ஆண்டின் 186-ஆம் இதழில் பெண்டிரைப் பற்றி அவர் எழுதிய உரைநடைப் பகுதி வாசகர் பலரைப் புண்படுத்தியது. அது நமக்கும் உடன்பாடன்று. கலையளவிலும் அது நூலின் நலிந்த பகுதியே. கொடுத்து வந்தோர் கொடுப்பதை நிறுத்தினர். நிறுத்துதற்கு அவர்க்கு உரிமை உண்டு. எழுதுவதை மாற்றுக என்று ஆணையிட உரிமை இல்லை. தொகுதிகளின் உரிமை ஆசிரியனிடமே இருந்தமையால் கதை இறுதியை எய்தியது.

இனி மாணவர் குறித்த கதைக்கு வருவோம். அது ரிச் பர்லூ என்பார் 2003-ஆம் ஆண்டில் இணையத்தில் தொடங்கிய 'தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்'. தலைக்கொரு வட்டமும் கைகாலுக்குக் கோடுகளுமாக அமைந்த உருவங்கள். 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் விளையாட்டின் விதிகளை எள்ளும் சிறு சிரிப்புகள். இவ்வளவே என்று எண்ணிப் புகுந்த நாம், சில நூறு பக்கங்களுக்குப்பின் காப்பியத்தின் அகலமுடைய ஒரு கதையினுள் நிற்பதை உணர்ந்தோம். இணையத்திற் படிப்பதற்கு விலை இல்லை. அப்பக்கங்களைத் தொகுத்த நூல்களுக்கு விலை உண்டு. அவையேயன்றி, இணையத்தில் வாராத முற்கதைகள் சில நூல்வடிவில் மட்டும் வெளிவந்தன. அவற்றுள் 2007-ஆம் ஆண்டின் 'ஸ்டார்ட் ஆஃப் டார்க்னெஸ்' என்பதனை நாம் சிறப்பாகக் கருதுகின்றோம்.

இந்நூல் பகைவர் வரலாறு கூறுவது. ரெட்குளோக் என்னும் கோப்ளின் இனப் பூசாரி, தன் இனத்தின் விடுதலைக்கென ஒரு கொடியவனோடு சேர்ந்து, பின்னர் அக்கொடியவனைக் காத்தற்பொருட்டுத் தன் உடன்பிறந்தானையே கொல்லுகின்றான். இதுகாறும் செய்த கொடுமைகள் வீண் என்று ஒப்புக்கொள்ள அஞ்சியே மேலும் கொடுமை செய்கின்றான் என்பதனை அக்கோட்டுருவத்தின் ஒற்றைக் கண்புள்ளியைக் கொண்டே ஆசிரியர் உணர்த்திவிடுகின்றார். இஃதின்றியும் இணையக் கதை விளங்கும். விலை கொடாதான் பகைவனைக் காண்கின்றான். விலை கொடுத்தான் அப்பகைவனது அவலத்தையும் காண்கின்றான். கதையின் முதுகெலும்பை ஒளித்துவைத்து விலை கேட்பது வாசகனை வஞ்சித்தலாகும். வேண்டாததொன்றைச் சேர்த்து விலை கேட்பதும் அன்னதே. இரண்டிற்கும் இடைப்பட்ட நெறியைப் பர்லூ கண்டுள்ளார் என்பது நம் துணிபு. வாசகன் தரும் பொருள் படைப்பினுள்ளேயே ஒரு படைப்பாக மாறிய இடம் இது.

2012-ஆம் ஆண்டில் நிலை மாறியது. விற்றுத் தீர்ந்த மூன்றாம் தொகுதியை மறுபடி அச்சிடக் கைப்பொருள் இன்மையால், பர்லூ 'கிக்ஸ்டார்ட்டர்' என்னும் நிறுவனத்தின் வழியாக வாசகரை வேண்டினார். அதன் முறை வருமாறு: வேண்டும் தொகையையும் நாளெல்லையையும் முன்னரே அறிவித்தல் வேண்டும், அத்தொகை நிரம்பினாலன்றி ஒருவரிடத்தும் ஒரு காசும் பெறலாகாது, நிரம்பின் நிறுவனம் தன் பங்காக 5 விழுக்காடு கொள்ளும், பணத்தைக் கைமாற்றும் கூலி வேறு. அவர் வேண்டியது 57,750 டாலர். ஒரு திங்களுக்குள் 14,952 பேர் கூடிக் கொடுத்தது 1,254,120 டாலர். வேண்டியதன் இருபத்தொரு மடங்கிற்கும் மேற்பட்ட இத்தொகையைக் கண்டு பத்திரிகைகள் வியந்தன. தலைக்கு ஏறத்தாழ 84 டாலர் ஆகின்றது.

வியப்பிற்குப் பின்னர் நிகழ்ந்ததே நாம் எண்ணத்தக்கது. தொகை ஏறுந்தோறும் கைம்மாறுகளும் ஏறின. பழைய தொகுதிகள் பலவற்றின் மறுபதிப்பு, கையால் தனித்தனியே வரைந்து தரும் ஓவியங்கள், கொடுத்தவர் விரும்பிய பாத்திரத்தைப் பற்றிய தனிக்கதைகள் என்று வாக்குறுதிகள் பெருகின. அவ்வாண்டு செப்டம்பரில் பர்லூவின் கையில் கடுங்காயம் நேர்ந்தது. கதை சில திங்கள் நின்றது. கை ஒன்றையே கருவியாக உடையோர்க்கு இதனினும் பெரிய இடர் இல்லை. வாக்களித்த கதைகளை வரைந்து தீர்த்தற்கு ஆண்டுகள் பல சென்றன. 'குட் டீட்ஸ் கான் அன்பனிஷ்டு' என்னும் தொகுதி 2018-இல் வந்தபொழுது அக்கதைகள் சிலவும் அதில் இடம்பெற்றன. ஓ-சூல் என்னும் வீரன் தன் முகத்தழும்பு பெற்ற வரலாறு அவற்றுள் நல்லது. ஆயினும், முதற்கதைக்குச் செல்லவேண்டிய நாள்களை இக்கைம்மாறுகள் உண்டன என்பதை மறுத்தல் இயலாது. வாசகர் தந்தது கதை தொடர்தற்பொருட்டு. அவர் வேண்டிய கைம்மாறோ கதையைத் தாழ்த்தியது. கொடுத்தோர் எவரும் தீயர் அல்லர். அன்பு மிகுதியால் நேர்ந்தது இது.

2013-ஆம் ஆண்டில் தொடங்கிய 'பேட்ரியான்' திங்கள்தோறும் சிறு தொகை கொடுக்கும் முறையைப் புகுத்தியது. ஒரு டாலர், இரண்டு டாலர் என்று பலர் தருவது கூடி, படைப்பாளன் அடுத்த திங்கள் வாடகையை எண்ணாமல் வரையக்கூடிய நிலை உண்டாகின்றது. ஆனால் இங்கும் இடைநின்றோன் உளன். 2017-ஆம் ஆண்டு திசம்பரில் அந்நிறுவனம், கொடுப்போன் ஒவ்வொரு கொடைக்கும் 2.9 விழுக்காடும் 35 காசும் மேலே தருதல் வேண்டும் என அறிவித்தது. ஒரு டாலர் கொடுப்போனுக்கு 38 காசு தண்டம். நூறு டாலர் கொடுப்போனுக்கு மூன்றேகால் டாலர். சிறியோரை விரட்டும் கணக்கு இது. ஒரு கிழமைக்குள் எழுந்த எதிர்ப்பினால் அதனைக் கைவிட்டனர். ஆப்பிள் செல்பேசியின் செயலிவழிக் கொடுக்கும் தொகையில் 30 விழுக்காடு வரை அந்நிறுவனம் கொள்ளும் நிலையும் 2024-இல் புகுந்தது. அதே தொகையைக் கணினிவழிக் கொடுப்பின் அக்கழிவு இல்லை. இவ்வளவு சிறிய செய்தியை ஆய்விதழில் எழுதலாமோ என்று ஐயுறுவார் இருக்கலாம். பரிசில் வழியிற் குறைவதைக் கூறாமல் பரிசிலை ஆராய்தல் எங்ஙனம்?

மாணவரது வினாவின் பிற்பகுதி நிற்கின்றது. புறநானூற்று 208-ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார், தம்மைக் காணாமலே அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த பொருளை ஏலாது, தாம் பொருளொன்றே கருதும் வணிகர் அல்லர் என்று மறுத்தலைக் காண்கின்றோம். தகுதியறிந்து தருவதாயின் தினையளவும் இனிது என்பது அவர் கொள்கை. 14,952 பேருள் பர்லூவை நேரிற் கண்டார் மிகச் சிலரே ஆவர். எனினும் அவர்தம் கொடையைக் காணாது தந்த கொடை என்று கூறலாகாது. ஒன்பது ஆண்டுகளாகப் பக்கம் பக்கமாகப் படித்தோர் அவர். முகம் காணாது திறம் கண்டோர். ஆதலின் அவரைப் புரவலர் என்றல் பொருந்தும். அதியமானுக்கு இல்லாத ஒரு தன்மையும் அவர்க்கு உண்டு. தமக்கெனத் தனிக்கதை கேட்டுப் பெற்ற அளவில் அவர் விலைகொடுத்து வேலை வாங்குவோரும் ஆயினர்.

நம் நாட்டில் இதனோடு ஒப்பிடத்தக்கது 1887-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபொழுது முன்கூட்டியே பெற்ற கையொப்பம். கையொப்பமிட்டோர் வேண்டியது சிந்தாமணி ஒன்றே. தமக்கெனத் தனியே ஓர் இலம்பகம் பாடித் தருமாறு ஐயரை ஒருவரும் கேட்டிலர். அவ்வளவில் நிற்கும் உதவியையே நாம் போற்றுகின்றோம். வாசகன் நூலையே வாங்குக; கூடுமாயின் ஆசிரியனிடமிருந்தே வாங்குக; கடைவழி வாங்குவதாயின் முன்னரே சொல்லி வைக்க; திங்கள்தோறும் சிறிது தருவதாயின் கைம்மாறு வேண்டாது தருக. பொருளில்லாத மாணவர்க்கும் ஒன்று உண்டு. பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனை வழிப்படுத்தும் ஆற்றுப்படை நமக்குப் பழகியது. இங்கே படித்தவன் படியாதவனை ஆசிரியனிடத்து ஆற்றுப்படுத்தலாம். கொடுக்க இயலாதவனொருவன் கொடுக்க வல்லார் ஐவரைக் கொண்டுவந்து சேர்த்தல் கூடும்.

வினவிய மாணவர் இப்பொழுது ஆய்வு மாணவர். உதவித்தொகை வந்த முதல் திங்களிலேயே 'ஸ்டார்ட் ஆஃப் டார்க்னெஸ்' படியொன்றை விலைக்கு வாங்கினார். நாம் படித்ததும் அப்படியே. இரவல் பெற்ற நூலைக்கொண்டே மேற்கண்ட பகுதியை எழுதினோம் என்பதனையும், அந்நூலை இன்னும் திருப்பித் தரவில்லை என்பதனையும் ஈண்டு ஒப்புக்கொள்ளுகின்றோம்.