பூட்டன் பிறந்த பத்திரம்

இலங்கையில் வம்சாவளியை ஆவணம் காட்டி நிறுவும் வேலையைச் சங்கமாகத் திரண்டு செய்தவர்கள், ஐரோப்பிய வம்சத்தவரான பறங்கியர். 1908இல் கொழும்பில் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் ஒன்றியம், தன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சவரலாறுகளை அச்சிட்டது. அவற்றுக்கு முக்கிய ஆதாரம் ஞானஸ்நான, திருமணப் பதிவுகள். வாய்ப்பேச்சு மட்டும் செல்லாது. வீட்டுப் பெருமைக் கதைகளைச் சலித்தெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. அவர்களுக்கு இது கைகூடியது, ஒல்லாந்தக் கம்பனியும் தேவாலயமும் அவர்களின் பெயர்களை எழுதிவைத்ததால்தான்.

இதே அளவுகோலை மலையகத்தின் தெல்தோட்டையில் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்தில் வைத்துப் பாருங்கள். பக்கத்து லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அவருடைய கல்லறை கண்டி மஹியாவையில் பெயரோடு நிற்கிறது. இந்தியாவிலிருந்து வந்து அந்தத் தேயிலைக்குக் குழி வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளிடம்தான் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் ஆதாரம் கேட்டது: தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவு கட்டாயமானதே 1897இல். 1948இல் முப்பது வயதிலிருந்த தொழிலாளி, பதிவு கட்டாயமாகுமுன் பிறந்த தகப்பனுக்குப் பத்திரம் எங்கே தேடுவார்? பல லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். இது சட்டம் தெரிந்தே செய்த அநீதி.

இருந்த பதிவுகளும் ஒத்துப்போகவில்லை. தோட்டத்தின் வேலையாள் பதிவான செக்ரோலில் ராமசாமி, பிறப்புப் பத்திரத்தில் ரெங்கசாமி, வீட்டில் கூப்பிட்டது சின்னையா. கிளாக்கர் காதில் விழுந்ததை எழுதினார். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிறுவச் சத்தியக்கடதாசி வேண்டும். வம்சாவளி ஆய்வின் பெரிய குறை இங்கேதான்: அது எழுதியவரின் கவனத்தை அளந்துவிட்டு, எழுதப்பட்டவரின் உரிமையைத் தீர்மானிக்கிறது. தாய்வழியையும் அது மறைத்தது. வம்சாவளிக் குடியுரிமை தாய் மூலமும் கிடைக்கும் என்ற திருத்தம் 2003இல்தான் வந்தது. அதே ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் குடியுரிமை தந்தது. பூட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்காமல் இங்கே வாழ்ந்ததைக் கணக்கில் எடுத்ததால் அதை நியாயமான சட்டம் என்பேன்.

அதற்காக வேர் தேடுவதையே விட்டுவிடச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் உறவைத் தேடவும், இந்தியாவின் வெளிநாட்டுக் குடியுரிமை (OCI) அட்டைக்கு விண்ணப்பிக்கவும் இன்றும் இந்த ஆதாரங்கள் வேண்டும். தேடுவோர் தங்களிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். ஊரிலிருந்து முன்னோக்கி வந்தால் பெயரொற்றுமையில் ஏமாறுவோம். ஒரு தலைமுறைக்கு ஓர் உறை, அதற்குள் பத்திரங்களின் பிரதி, பெயர் மாறுகிற இடத்தில் ஒரு குறிப்பு. குலதெய்வத்தின் பெயர் ஊரைக் காட்டும் துப்பு, சான்று அல்ல. அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு சாதிப் பெருமை உள்ளே வருவதையும் பார்க்கிறோம். லயத்தில் பாதி மறந்துபோனதை ஆய்வின் பெயரால் உயிர்ப்பிப்பது கேடு.

பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்: அவர் பிறந்த தோட்டம், அவருடைய தாயின் பெயர், எந்தக் கங்காணியோடு வந்தார்கள் என்பது. தாய்வழியையும் சேர்த்தே எழுதுங்கள்.