பிடிமண்ணும் பெருவிழாவும்: பொதுவெளிக் கலை குறித்து வில்லியனூர், பாகூர் வழி ஒரு மதிப்பீடு

முன்னுரை

நகரத்தின் தெருக்களையும் பழைய பண்டகசாலைகளையும் காட்சியிடங்களாக்கிக்கொள்ளும் பன்னாட்டுச் சமகாலக் கலைவிழாக்கள் ‘பொதுவெளி’ என்னும் சொல்லைத் தம் அடையாளமாகக் கொண்டுள்ளன. இந்தியாவில் இவற்றுள் முதன்மையானது, 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி முசிறி ஈராண்டுக் கலைவிழா. இத்தகைய விழாக்களைப் பற்றிய மதிப்பீடுகள், படைப்பு எங்கே வைக்கப்பட்டது, எத்தனை பேர் கண்டனர் என்னும் வினாக்களோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. படைப்பை வேண்டியவர் யார், விழா முடிந்தபின் அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கலை, கொடை மரபுகளைத் துணைகொண்டு இவ்விரு வினாக்களைக் கொச்சி விழாவின்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொச்சியில் மண்

போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் தொடங்கிய இவ்விழா, பண்டைய முசிறித் துறைமுகத்தின் பெயரைத் தாங்கியது. அப்பெயருக்கு நேரடியாக முகங்கொடுத்த படைப்பு, முதற்பதிப்பில் ஆஸ்பின்வால் மாளிகையில் இடம்பெற்ற விவான் சுந்தரத்தின் ‘கருப்புப் பொன்’. பட்டணம் அகழாய்வில் கிடைத்த மட்கல ஓடுகளைத் தரையில் பரப்பி, அவற்றிலிருந்து ஒரு நகரத்தை அவர் எழுப்பினார். மிளகும் அதில் இடம்பெற்றது. அகழாய்வாளர் ஒதுக்கிய ஓடு, வணிகப் பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் நினைவூட்டும் பொருளாயிற்று. அழிவையே கட்டுமானப் பொருளாக்கிய இத்துணிவு பாராட்டத்தக்கது.

எனினும், அந்த ஓடுகளை வனைந்தவர்கள் அங்கு இறந்தகாலமாக மட்டுமே இருந்தனர். மண் பேசியது, குயவர் பேசவில்லை. இக்குறை கொச்சிக்கு மட்டும் உரியதன்று. கிழக்குக் கரையில் அதே கடல்வணிகத்தின் சான்றான அரிக்கமேட்டை 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோதும், ரோமானிய மட்கலங்களே காலக்கணிப்பின் திறவுகோலாகி, உள்ளூர் மட்கலத்தை வனைந்தவரினும் முன்னிலை பெற்றன.

பிடிமண் என்னும் ஒப்பந்தம்

அரிக்கமேட்டுக்கு அண்மையிலுள்ள வில்லியனூரில் மண் இறந்தகாலப் பொருளன்று. வில்லியனூர்ச் சுடுமண் கைவினை புவிசார் குறியீடு பெற்றுள்ளது. அவ்வூர்ச் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. முதலாவது ஊருக்கும், இரண்டாவது தனிமனிதருக்கும் தரப்பட்ட ஏற்பு. கலைவிழாக்கள் வழங்குவதும் இந்த இரண்டாம் வகை ஏற்பையே.

சுடுமண் கலையில் இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது உறவு ஒன்றும் உண்டு. புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களின் புரவியெடுப்பில் அது தெளிவாகத் தெரிகிறது. ஊரார் முதலில் வேளாரிடம் பிடிமண் கொடுக்கின்றனர். அதன்பின்னரே குதிரை வனையப்படுகிறது. கண்திறப்புக்குப் பின் ஊரே அதைச் சுமந்து சென்று ஐயனார் முன் நிறுத்துகிறது. அது வெயிலிலும் மழையிலும் நின்று சிதைகிறது. அடுத்த எடுப்பில் புதியது வருகிறது. பல ஊர்களில் வனைந்த வேளாரே பூசாரியாகவும் இருக்கிறார்.

பிடிமண் ஒரு சடங்கு மட்டுமன்று. அது படைப்புக்கான வேண்டுகோள். கலைவிழாவில் கலைஞரை அழைப்பவர் காட்சிப் பொறுப்பாளர். படைப்பு நிற்கும் தெருவில் வாழ்பவர் பார்வையாளர் மட்டுமே. புரவியெடுப்பில் அத்தெருவாரே வேண்டுவோர், சுமப்போர், மீண்டும் வேண்டுவோர். இரண்டு படைப்புகளுமே நிலையற்றவை. ஆயின் ஒன்றன் நிலையாமை விழா நாட்காட்டியால் முடிவாகிறது. மற்றதன் நிலையாமை புதுப்பிக்கும் கடமையோடு பிணைந்தது.

பாகூரும் பேணுதலும்

பேணுதல் குறித்துப் பாகூர் தரும் சான்று இன்னும் தெளிவானது. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பாகூர்ச் செப்பேடுகள், அங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைப் பதிவுசெய்கின்றன. கல்விக்கு இடம் இருந்தால் மட்டும் போதாது, அதனைத் தாங்கும் வருவாயும் வேண்டும் என்பதே அக்கொடையின் உட்கருத்து.

இவ்வளவுகோலால் கொச்சியைப் பார்த்தால் குறை புலப்படும். 2022ஆம் ஆண்டுப் பதிப்பு டிசம்பர் 12இல் தொடங்கவிருந்து, ஏற்பாடுகள் முற்றுப்பெறாமையால் 23ஆம் நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பங்கேற்ற கலைஞர்களே அதுகுறித்துத் திறந்த மடல் வெளியிட்டனர். விழாவின் பெயர் உலகளாவியதாக இருந்தும், அதைத் தாங்கும் அடித்தளம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திரட்டப்பட வேண்டியதாகவே இருக்கிறது.

மாற்று வழியும் உண்டு. ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய எச்சிகோ சுமாரி மூவாண்டுக் கலைவிழா, நெல் விளையும் மலையூர்களில் நடைபெறுகிறது. இலியா, எமிலியா கபகோவ் இணையர் அங்குள்ள படிக்கட்டு வயல்களில் உழவர் உருவங்களை நிறுத்தினர். முன்னோர் நிலம் என்பதால் முதலில் மறுத்த நிலவுடைமையாளர், படைப்பு தம் உழைப்பையே போற்றுவதை உணர்ந்து இசைந்தார். அவரால் பயிரிட இயலாத நிலை வந்தபோது, விழாவைச் சார்ந்தோர் பயிரிடும் பொறுப்பை ஏற்றனர். வயல் பேணப்படாவிடில் படைப்பும் இல்லை என்னும் இந்த உணர்வு, ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் பாகூருக்கு அயலானதன்று.

ஊர்ப்பொதுவின் எல்லை

இவ்வொப்பீடு ஊர் மரபை மாசற்றதாக நிறுவும் முயற்சியாகிவிடக் கூடாது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் ஆட்சித்தலைவர் வடம் பிடிக்கும் வழக்கம் பிரெஞ்சு ஆட்சிக்காலத்திலிருந்து தொடர்கிறது. ஆள்வோரும் குடிகளும் ஒரே வடத்தைப் பற்றும் காட்சி அது. ஆயின் தமிழக ஊர்த் திருவிழாக்கள் பலவற்றில் வடத்தை யார் தொடலாம், முதல் மரியாதை யாருக்கு, தேர் எத்தெருவுக்குள் செல்லாது என்பவற்றைச் சாதி தீர்மானித்து வந்துள்ளது. பிடிமண் கொடுக்கும் ‘ஊர்’ என்பதில் ஊரிலுள்ள எல்லாரும் அடங்குவதில்லை.

இங்குதான் கலைவிழாவின் வலிமையை ஒப்புக்கொள்ள வேண்டும். 2016இல் சிலிக் கவிஞர் ரவுல் சுரிட்டாவின் ‘வேதனையின் கடல்’ படைப்புக்காக ஆஸ்பின்வால் மாளிகைக் கூடமொன்றில் கடல்நீர் நிரப்பப்பட்டது. சிரிய அகதிச் சிறுவனின் நினைவைத் தாங்கிய அந்நீரில் எவரும் இறங்கி நடக்கலாம். குலமோ ஊரோ கேட்கப்படவில்லை. நுழைவுச்சீட்டு ஒரு தடையே. எனினும் அது பிறப்பால் வரும் தடையன்று.

முடிவுரை

ஊர்ப்பொது பொறுப்பை அறியும். சமத்துவத்தை முழுமையாக அறியாது. கலைவிழா நுழைவில் சமத்துவத்தை அறியும், பொறுப்பை அறியாது. ஒன்றைக் கொண்டு மற்றதைத் தள்ளுவது திறனாய்வாகாது. ஒரு படைப்பு திறந்தவெளியில் நிற்பதாலேயே பொதுவாகிவிடாது. அவ்விடத்தில் வாழ்வோர் அனைவருக்கும் அதை வேண்டவும் மறுக்கவும் உரிமையும், பேணுவதற்கான ஏற்பாடும் இருக்கும்போதே அது பொதுவாகிறது. அத்தகைய விழா ஒன்று வில்லியனூர்த் தேரோடும் வீதிக்கு வருமாயின், முதலில் கேட்கப்பட வேண்டிய வினா எந்தக் கலைஞர் வருகிறார் என்பதன்று. பிடிமண் எந்தெந்தக் கைகளிலிருந்து வந்தது என்பதே.