முதலில் ஆம்ப்பா, ஹெட்போனா?

சென்னை ரிச்சி தெருப் பக்கம் போய் வீட்டில் பாட்டுக் கேட்க உயர்ரக ஹெட்போன் வேண்டும் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு சார்?" அதையே கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பழைய ஓடியோ சாமான் வாங்கி விற்கிற தமிழ்ப் பெடியன் ஒருவனிடம் சொன்னால், "வீட்டில என்ன ஆம்ப் கிடக்குது அண்ணை?" என்பான். இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் எந்தக் கேள்வியில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து, கடைசியில் காதில் ஏறும் பொருளே மாறிவிடுகிறது.

இந்தியாவில் ஹெட்போன் இன்று தனிச் சந்தை. ஹெட்போன் ஸோன் என்ற கடை 2011இல் தொடங்கியது. அதற்குப் பிறகு சென்ஹைசர், பேயர்டைனமிக், ஹைஃபைமேன், ஆடிஸி என்று எல்லாப் பெயரும் முறையான உத்தரவாதத்தோடும் மாதத் தவணையோடும் வீட்டுக்கே வருகின்றன. தீபாவளிச் சலுகையில் பாதி விலைக்குக்கூட அகப்படும். வரிதான் உறுத்தல். 2022 பட்ஜெட்டில் ஹெட்போன், இயர்போன்களின் சுங்கவரி 15 சதவீதத்திலிருந்து 20 ஆனது. அதன்மேல் சமூகநல மேல்வரியும் 18 சதவீத ஜிஎஸ்டியும் ஏறினால், 100 ரூபாய்க்கு வந்திறங்கும் பொருள் வியாபாரியின் இலாபம் சேர்வதற்கு முன்பே 144 ரூபாய். இருந்தும் வாங்குகிறார்கள்; வாங்கி, ஆறு மாதத்தில் விற்று, அடுத்ததை வாங்குகிறார்கள். ஹெட்போன்தான் மணமகன், ஆம்ப் சீதனம். முதலில் ஹெட்போனைத் தேர்ந்து, மிஞ்சிய காசில் மேசைமேல் வைக்கும் ஒரு சீனப் பெட்டியை, டிஜிட்டலை ஒலிச் சமிக்ஞையாக்கும் டாக்கும் ஆம்ப்பும் ஒன்றாக இருப்பதை, கூடச் சேர்த்துக்கொள்வதுதான் வழக்கம்.

அந்த வரிசையில் எங்கே இடறுகிறது என்பதை இரண்டு ஹெட்போன்களை வைத்துச் சொல்லலாம். 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 இன்னும் உற்பத்தியில் இருக்கிறது. அதன் மின்மறுப்பு 300 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபெல். ஹைஃபைமேனின் எச்இ400எஸ்இ தட்டைக்காந்த வகை. 25 ஓம், 91 டெசிபெல். கச்சேரிப் பதிவின் உச்சங்கள் நசுங்காமல் கேட்க 110 டெசிபெல் வரை இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எச்டி 600க்கு அதற்குத் தேவை 20 மில்லிவாட். அதாவது சுமார் 2.4 வோல்ட்டும் 8 மில்லிஅம்பியரும். எச்இ400எஸ்இ கேட்பதோ 80 மில்லிவாட்டுக்குச் சற்றுக் குறைய; 1.4 வோல்ட் போதும், ஆனால் மின்னோட்டம் 56 மில்லிஅம்பியர். ஒன்றுக்கு வோல்ட் வேண்டும், மற்றதற்கு ஏழு மடங்கு அம்பியர் வேண்டும். "300 ஓம் என்றால் ஓட்டக் கஷ்டம், 25 ஓம் என்றால் போனிலேயே ஓடும்" என்று கடைகளில் சொல்லப்படும் சூத்திரம் இந்த இடத்தில் உடைந்துவிடுகிறது. சென்னையில் பலரும் விலைகுறைந்த தட்டைக்காந்த ஹெட்போனை வாங்கி, போனில் செருகி, "பாஸே இல்லை" என்று திருப்பி விற்பதற்கு இதுதான் காரணம். குறை ஹெட்போனில் இல்லை.

இலங்கையில் கதை வேறு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபா. மே மாதம் அது 360. நானூறு டொலர் ஹெட்போன் 80,000 ரூபாவிலிருந்து ஒன்றரை இலட்சத்தைத் தொடப் போனது, அதுவும் இரண்டு மாதத்தில். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள் வகைகளின் இறக்குமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. நிலைமை தேறிய பின்னும் சுங்கம், செஸ், துறைமுக அபிவிருத்தி வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத வற் என்று அடுக்கு குறையவில்லை. எனவே கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருவர் நல்ல ஹெட்போனைக் கடைத் தட்டிலிருந்து எடுத்துக் காதில் மாட்டிப் பார்த்து வாங்குவது அபூர்வம். அது ரொறொன்ரோ மாமாவின் பெட்டியில் வரும், பாரிஸ் சித்தப்பாவின் கைப்பையில் வரும், அல்லது பம்பலப்பிட்டியில் யாரோ விற்கப் போட்டதாக இருக்கும். கேட்டுப் பார்க்க முடியாது. ஆகவே கணக்குப் பார்த்தாக வேண்டும்.

கணக்குத் தொடங்குமிடம் வீட்டு மூலையில் இருக்கிறது. 1970களின் ஒரு சான்சுயி, அல்லது பயனியர், கென்வூட், டெக்னிக்ஸ். மத்திய கிழக்கிலிருந்து அப்பா கொண்டுவந்ததாக இருக்கலாம். ஜப்பானில் கழித்துவிட்டவை கொள்கலனில் வந்து இறங்கியபோது வாங்கியதாகவும் இருக்கலாம். பின்னதென்றால் அது 100 வோல்ட்டில் ஓடுவது. நம் சுவரிலோ 230 வோல்ட். இடையில் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் கட்டாயம். வீட்டுக்கு வந்த மருமகன் தெரியாத்தனமாக நேரே சுவரில் செருகி உள்ளே இருந்த ட்ரான்ஸ்போமர் கருகிய கதை எல்லா ஊரிலும் ஒன்று உண்டு. மலிவான ஸ்டெப் டவுன்கள் பெரும்பாலும் ஒற்றைச் சுருளில் செய்தவை, மின்னிணைப்பைப் பிரித்துக் காப்பவை அல்ல. உலோக முகப்பைத் தொட்டால் சுரீரென்றால் அலட்சியம் செய்யக்கூடாது.

இந்தப் பழைய ஆம்ப்பின் முகப்பிலுள்ள ஹெட்போன் துளைக்குத் தனிச் சுற்று கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் அதே சமிக்ஞையை ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக, பொதுவாகச் சில நூறு ஓம், வெளியே விடுவார்கள். இன்றைய சீன மேசை ஆம்ப்பில் வெளியீட்டு மின்மறுப்பு ஒரு ஓமுக்கும் கீழே. அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பாவம் போலத் தோன்றும். 1996இல் வந்த ஐஇசி 61938 தரநிலையே 120 ஓமைத்தான் பரிந்துரைத்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 50 வாட் ஆம்ப் ஒன்றின் வெளியீடு 8 ஓமில் 20 வோல்ட். இடையில் 330 ஓம் இருந்தால் எச்டி 600க்கு 9.5 வோல்ட் வரை போகும், தேவையோ 2.4. எச்இ400எஸ்இக்கு? 20 வோல்ட்டில் 355க்கு 25 பங்கு, அதாவது 1.4 வோல்ட். கேட்ட அளவே, கொசுறு கிடையாது. தட்டைக்காந்த ஹெட்போனின் மின்மறுப்பு எல்லா அலைவரிசையிலும் ஏறத்தாழ ஒரே கோடாக இருப்பதால் அந்த ரெசிஸ்டர் சுரத்தின் நிறத்தைக் கெடுப்பதில்லை.

எச்டி 600இல் நிறம் மாறும், ஆனால் நல்ல பக்கமாக. அதன் மின்மறுப்பு 100 ஹேர்ட்ஸை ஒட்டி 500 ஓமைத் தாண்டும். 330 ஓம் வழியாக ஓட்டினால் அந்த இடம் மட்டும் ஏறக்குறைய 2 டெசிபெல் எழும்பும். கீழ்ச்சுரத்தில் சற்று வற்றிய ஹெட்போன் அது. எழும்பும் இடமோ மிருதங்கத்தின் தொப்பி குமுறும் இடம். சான்சுயியில் எச்டி 600 கேட்ட யாழ்ப்பாணத்துக்காரர் அதே ஹெட்போனைச் சென்னை நண்பரின் துல்லியமான புதுப் பெட்டியில் கேட்டுவிட்டு, "இதில ஏதோ குறையுது" என்றால் அவரை ரசனை கெட்டவர் என்று தள்ளிவிட முடியாது. அளந்தாலும் குறையும்.

ஆனால் பழைய ஆம்ப்பைப் புனிதமாக்கவும் வேண்டாம். 9.5 வோல்ட் வரை தரக்கூடிய துளையில் இரவு நேர அளவுக்குக் கேட்க வேண்டுமானால் வொலியூம் திருகைத் தொடக்கத்திலேயே நிறுத்த வேண்டியிருக்கும். பழைய திருகுகளில் அந்த இடத்தில்தான் இடதும் வலதும் ஒத்துவராது. பாடகர் ஒரு காதுக்குச் சாய்ந்துவிடுவார். தூசி அடைந்த கரகரப்புக்கு க்ளீனர் அடிக்கலாம். வற்றிய கப்பாசிட்டர்களை மாற்ற நல்ல கை வேண்டும். இலங்கையின் சிற்றூர்களில்கூட றேடியோ திருத்தும் கடைகளில் அந்தக் கை இன்னும் இருக்கிறது. பல ட்ரைவர்கள் கொண்ட, காதுக்குள் செருகும் இயர்போன்களை மட்டும் இந்தத் துளையில் கேட்கவே கூடாது. அவற்றின் மின்மறுப்பு அலைவரிசைக்கு அலைவரிசை தாவுவதால் பாட்டே வேறாகிவிடும்.

இந்தியாவில் இந்தப் பழைய ஆம்ப்பின் இடத்தில் போனில் செருகும் டாங்கிள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இலங்கையிலும் மாணவர்களிடம் அதுதான். ஆப்பிளின் யூஎஸ்பி டாங்கிள் உலகின் மலிவான நல்ல டாக்குகளில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வட அமெரிக்காவில் விற்பது 1 வோல்ட் தரும். ஐரோப்பிய வடிவத்தைச் செவிப் பாதுகாப்பு விதிகளுக்காக 0.5 வோல்ட்டில் கட்டிவைத்திருக்கிறார்கள். எச்டி 600இல் முதலாவது 102 டெசிபெல் வரை போகும், இரண்டாவது 96இல் நிற்கும். சினிமாப் பாட்டுக்கு 96 தாராளம், இன்றைய பாடல்களை அவ்வளவு இறுக்கிப் பதிகிறார்கள். சபாவில் பதிந்த கச்சேரிக்கு, தம்புரா மட்டத்திலிருந்து தனி ஆவர்த்தனம் வரை ஏறி இறங்கும் பதிவுக்கு, அது போதாது. பாரிஸ் சித்தப்பாவின் அன்பளிப்புக்கும் ரொறொன்ரோ மாமாவின் அன்பளிப்புக்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பது இரண்டு பேருக்குமே தெரியாது.

எதைக் கேட்டுத் தேர்கிறார்கள் என்பதும் ஒன்றல்ல. சென்னையில் சோதனைப் பாட்டென்றால் பாதிப் பேர் 1992இன் 'ரோஜா'வுக்குப் போவார்கள், எச். ஸ்ரீதரின் ஒலிப்பதிவில் கீழ்ச்சுரமும் இடவெளியும் ஹெட்போனின் குணத்தைச் சட்டென்று காட்டிக்கொடுக்கும். யாழ்ப்பாணத்தில் மூத்தவர்கள் தவிலைப் போடச் சொல்வார்கள். 1975இல் மறைந்த தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தியின் வாசிப்பு பழைய நாடாக்களில்தான் இருக்கிறது, இரைச்சலோடு. இங்கே விலையே எதிரியாகலாம். சென்ஹைசரின் 2009ஆம் ஆண்டு எச்டி 800 ஆறு கிலோஹேர்ட்ஸை ஒட்டிக் கூர்மை உள்ளது. 2016இன் எச்டி 800 எஸ் அதைத் தணித்தது. அந்தக் கூர்மையில் நாடாவின் இரைச்சல் தவிலுக்கு முன்னால் வந்து நிற்கும். அப்படிப்பட்ட சேகரிப்பை வைத்திருப்பவர் மூன்று மடங்கு காசு கொடுத்துக் குறைவாக ரசிப்பதைவிட எச்டி 600லேயே நின்றுவிடலாம்.

மின்சாரத்தைப் பற்றி இரண்டு கரையும் ஒரே பாடத்தைப் பத்தாண்டு இடைவெளியில் படித்தன. தமிழ்நாட்டில் 2012 வாக்கில் நீண்ட மின்வெட்டு வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரைக் கொண்டுவந்தது. மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் ட்ரான்ஸ்போமர் உள்ள ஆம்ப் உறுமும். உறுமல் ஹெட்போனில் தப்பாமல் கேட்கும். சைன் அலை வகைதான் வாங்க வேண்டும். இலங்கையில் 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேர வெட்டு. 2011இல் புனைபெயரில் ஒரு வடிவமைப்பாளர் வரைபடம் முழுவதையும் பொதுவில் வைத்த ஓ2 ஆம்ப் நினைவுக்கு வந்தது அப்போதுதான். இரண்டு 9 வோல்ட் பற்றரியில் ஓடும்; 300 ஓம் ஹெட்போனுக்குத் தாராளம். சுவரிலிருந்து ஓட்ட அதற்கு ஏசியையே வெளியிடும் அடாப்டர் வேண்டும். கடையில் கிடைப்பதெல்லாம் டிசி. ரிச்சி தெருவில் ஏசி ட்ரான்ஸ்போமரைத் தேடிப் பிடித்துவிடலாம்.

புழுக்கம் மட்டும் இரு கரைக்கும் பொது. செயற்கைத் தோல் மெத்தை நம் வியர்வையில் சில ஆண்டுகளில் உரிந்து காதில் கருப்புத் துகளாக ஒட்டும். வெல்வெட் மெத்தை நல்லது, மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கும் மாதிரியே நல்லது. திறந்த முதுகுள்ள ஹெட்போனில் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து கேட்கும். விசிறியை நிறுத்திவிட்டு ஒரு முழு ராகம் ஆலாபனை கேட்கக்கூடியவர் மே மாதத்தில் இரு நாட்டிலும் இல்லை.

இந்தியா ஹெட்போன் செய்யவும் தொடங்கிவிட்டது. கல்தாஸ் ரிசர்ச்சின் ஆர்ஆர்1 கான்குவெஸ்ட் நிலைமின் வகை; 1960இல் ஜப்பானின் ஸ்டாக்ஸ் தொடங்கிவைத்த வழி. அதன் மெல்லிய படலத்துக்கு 580 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும் என்பதால் எந்தச் சாதாரண ஆம்ப்பிலும் செருக முடியாது. தனிப் பெட்டி வாங்கக் காசில்லாதவருக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஸ்டாக்ஸின் எஸ்ஆர்டி-7 ப்ரோ போன்ற பழைய ட்ரான்ஸ்போமர் பெட்டி ஏதாவது ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் பொருந்தி அந்த அழுத்தத்தைக் கொடுக்கும். அதற்குப் பொருத்தமான ஆம்ப் எங்கே அதிகம் கிடக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தின் பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. பெருந்தொற்றில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் திரும்பிய பிறகு, ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹெட்போன் பெட்டி கைப்பையில் வந்துவிடுகிறது. யாராவது சென்னையிலிருந்து வருகிறார்கள் என்றால் நான் ஹெட்போனை மட்டும் சொல்லிவிடுவேன். ஆம்ப்பை இங்கேயே தேடிக்கொள்வேன். உத்தரவாதம் கடல் தாண்டாது. ஹெட்போனில் கெடுவது பெரும்பாலும் வயரும் மெத்தையும்தான், இரண்டையும் நாமே மாற்றலாம். சென்னை ஆம்ப்பின் வட்ட முள் பிளக்கோ நம் புது வீடுகளின் சதுரத் துளையில் ஏறாது.